அமெரிக்காவுக்குப் பிள்ளையிடம் போகிறோம்: ஓய்வூதியக் கணக்கை என்ன செய்வது?

பொன்மலை டீச்சர் | 8 நவம்பர் 2025

எல்லோருக்கும் வணக்கம். நான் அரசுப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வயது 66. வீட்டுக்காரருக்கு 68, பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் நியூ ஜெர்சியில் இருக்கிறான். அவன் மனுப் போட்டு எங்கள் இருவருக்கும் குடியேற்ற விசா கிடைத்துவிட்டது. ஜனவரியில் கிளம்புகிறோம்.

எங்கள் வரவு இதுதான். எனக்குக் கருவூலம் மூலமாக மாதம் 52,000 ஓய்வூதியம். அவருக்கு ரயில்வே ஓய்வூதியம் 38,000, அது வேறொரு வங்கியில் வருகிறது. அவர் பேரில் 20 லட்சம் எஃப்.டி. இருக்கிறது. வீடு என் பேரில்; மாடி வாடகை 12,000. மகள் திருச்சியிலேயே இருக்கிறாள்.

மகன் சொல்வது: "எல்லாவற்றையும் ஒரு தனியார் வங்கிக்கு மாற்றி, என்.ஆர்.ஐ. கணக்காக்கி, என் போனில் போட்டுவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்." அன்போடுதான் சொல்கிறான். ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. இத்தனை வருடம் நானே பாஸ்புக் பதிந்து, நானே பணம் எடுத்துப் பழகியவள். எந்த வங்கி நல்லது, கணக்கை மாற்றித்தான் ஆக வேண்டுமா, நாங்களே கையாள முடியுமா என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

காவிரிக்கரை | 8 நவம்பர்

டீச்சர், வீணாகக் குழப்பிக்கொள்ளாதீர்கள். எங்கள் அப்பா சில வருடங்களாக டல்லாஸில் அண்ணனோடு இருக்கிறார். கிரீன் கார்டுதான். கணக்கு அப்படியே சாதாரண சேமிப்புக் கணக்காக ஓடுகிறது. வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று கேட்கும் 15எச் படிவத்தை வருடா வருடம் கொடுத்துவிடுகிறோம், வட்டியில் ஒரு பைசா பிடிப்பதில்லை. வங்கியிடம் போய் நாமாகச் சொன்னால்தான் தலைவலி ஆரம்பிக்கும்.

---

கவுன்டர் எண் 4 | 8 நவம்பர்

வணக்கம் டீச்சர். அரசு வங்கி ஒன்றில் வெளிநாட்டு வாழ் இந்தியர் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். உங்கள் கேள்வியை விரிவாகவே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் வாரத்துக்கு ஒரு தம்பதியாவது இதே கேள்வியோடு என் எதிரில் உட்கார்ந்திருப்பார்கள்.

எந்த வங்கி என்பதை அப்புறம் பார்க்கலாம். நீங்கள் பேரனைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போகிறவரா, அங்கே குடியிருக்கப் போகிறவரா என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். 1999ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், அதாவது ஃபெமா, இதைத்தான் பார்க்கிறது. சுற்றுலா விசாவில் ஆறு மாதம் போய்வருகிறவர் இந்தியாவில் வசிப்பவர்தான். அவர் கணக்கை மாற்ற வேண்டியதில்லை. வேலைக்கோ தொழிலுக்கோ போகிறவரும், எப்போது திரும்புவோம் என்ற கெடு இல்லாமல் தங்கப் போகிறவரும் கிளம்பிய நாளிலிருந்தே வெளிநாட்டில் வசிப்பவர் ஆகிவிடுவார்கள். குடியேற்ற விசாவில் போகும் நீங்கள் இரண்டாவது வகை. அதனால் உங்கள் சேமிப்புக் கணக்குகள் என்.ஆர்.ஓ. கணக்காக மாற வேண்டும்.

என்.ஆர்.ஓ. என்பது இந்தியாவில் வரும் வருமானத்துக்கான ரூபாய்க் கணக்கு. ஓய்வூதியம், வாடகை, வட்டி எல்லாம் அதில் வரலாம். மின்கட்டணம், வீட்டு வரி கட்டலாம், மகளுக்குப் பணம் அனுப்பலாம். பார்க்கப்போனால் நீங்கள் இப்போது செய்கிற எல்லாமே செய்யலாம்.

என்.ஆர்.இ. என்று ஒன்றையும் எடுத்துக்கொள்ளச் சொல்லி உங்களை நெருக்குவார்கள். அது வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தைக் கொண்டுவந்து வைப்பதற்கு. வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, முழுத் தொகையையும் திரும்ப எடுத்துப் போகலாம் என்பது உண்மைதான். உங்களுக்கோ அங்கே சம்பாத்தியம் இல்லை, வரவு முழுக்க இங்கே. என்.ஆர்.ஓ. போதும்.

காவிரிக்கரை சொன்னதற்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன்.

---

ஸ்கார்பரோ மருமகள் | 8 நவம்பர்

இடையில் ஒரு சந்தேகம் சார். என் மாமனாரும் மாமியாரும் கனடாவில் எங்களோடு சூப்பர் விசாவில் இருக்கிறார்கள். ஒரு தடவை வந்தால் ஐந்து வருடம் வரை தங்கலாம், ஆனால் பார்வையாளர்கள்தான். அவர்கள் எந்தப் பக்கம்?

---

கவுன்டர் எண் 4 | 8 நவம்பர்

அம்மா, விசாவின் பெயர் மட்டும் முடிவு செய்யாது. முந்தைய நிதியாண்டில் 182 நாளுக்கு மேல் இந்தியாவில் இருந்தார்களா என்றும் சட்டம் பார்க்கிறது. ஏப்ரல் முதல் மார்ச் வரை அந்த அளவு இங்கே இல்லையென்றால், அடுத்த நிதியாண்டில் அவர்கள் வெளிநாட்டில் வசிப்பவர்கள்தான். வருடத்தில் பாதிக்கு மேல் ஊரில் இருந்துவிட்டுக் குளிர் குறைந்ததும் அங்கே வருகிறவர்கள் என்றால் அப்படியே விடலாம். தொடர்ந்து இரண்டு, மூன்று வருடம் அங்கேயே இருக்கிறார்கள் என்றால் என்.ஆர்.ஓ. ஆக்கிவிடுங்கள்.

---

கவுன்டர் எண் 4 | 9 நவம்பர்

காவிரிக்கரை, உங்கள் அப்பாவைப் பற்றிய அக்கறையில்தான் இதை எழுதுகிறேன்.

15எச் படிவம் இந்தியாவில் வசிக்கும் மூத்த குடிமக்களுக்கு மட்டும். அதில் கையெழுத்துப் போடும்போது 'நான் இந்தியாவில் வசிப்பவன்' என்று உங்கள் அப்பா எழுத்துமூலம் உறுதி கொடுக்கிறார். அந்தக் காகிதம் வங்கியில் இருக்கும், விவரம் வருமான வரித்துறைக்குப் போகும். பாஸ்போர்ட்டோ வேறு கதை சொல்லும்.

அடுத்தது, இந்தியாவும் அமெரிக்காவும் 2015 ஜூலையில் கையெழுத்திட்ட ஃபாட்கா ஒப்பந்தம். அமெரிக்க வரிக்கு உட்பட்டவர்களின் கணக்கு விவரங்களை இங்குள்ள வங்கிகள் அனுப்பியாக வேண்டும். கிரீன் கார்டுக்காரர் அதில் வருவார். கே.ஒய்.சி. எனும் வாடிக்கையாளர் அடையாள விவரத்தைப் புதுப்பிக்கும்போது 'வேறு எந்த நாட்டிலாவது வரி கட்டக் கடமைப்பட்டவரா' என்று கேட்பது இதற்காகத்தான்.

ஃபெமா மீறலுக்கு, சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. எல்லோர் மீதும் அது பாய்ந்துவிடாது. நான் கண்ணால் பார்த்த சிரமம் வேறு. கே.ஒய்.சி. காலாவதியாகிக் கணக்கு முடங்கும். அப்போது பெரியவர் டல்லாஸில் இருப்பார். நேரில் வரச் சொல்வார்கள். ஓய்வூதியம் உள்ளே வரும், வெளியே எடுக்க முடியாது. எழுபது வயதுக்கு மேல் அந்த அலைச்சல் யாருக்கும் வேண்டாம்.

---

காவிரிக்கரை | 9 நவம்பர்

சார், நீங்கள் சொல்கிற சட்டம் சரியாகவே இருக்கட்டும். ஆனால் என் ஆதங்கத்தையும் கேளுங்கள். என்.ஆர்.ஓ. ஆனதும் எஃப்.டி. வட்டியில் 31.2 சதவீதம் பிடிக்கிறார்கள். மூத்த குடிமக்களுக்கான அரை சதவீத கூடுதல் வட்டி போய்விடும். 12 லட்சம் வரை வரி இல்லை என்ற சலுகையும் போய்விடும். நாற்பது வருடம் இந்த நாட்டில் உழைத்து, வரி கட்டி, கடைசிக் காலத்தில் பிள்ளையோடு இருக்கப் போன ஒரு மனுஷனுக்கு இது நியாயமா?

---

கவுன்டர் எண் 4 | 9 நவம்பர்

நியாயமில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். துபாயில் தொழில் நடத்துகிறவரையும், மகன் வீட்டு மாடியறையில் இருக்கிற ஓய்வூதியரையும் சட்டம் ஒரே தட்டில் வைக்கிறது. ஓய்வூதியர் சங்கங்கள் அரசிடம் இதைக் கேட்க வேண்டும்.

ஆனால் நஷ்டம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் பாதி குறையும். டீச்சர் கொடுத்த தொகைகளை வைத்தே போடுகிறேன், 2025-26 புதிய வரி முறைப்படி.

டீச்சருக்கு ஓய்வூதியம் வருடத்துக்கு 6,24,000. நிலைக் கழிவு 75,000 போனால் 5,49,000. வாடகை 1,44,000, அதில் 30 சதவீதம் கழித்து 1,00,800. மொத்தம் 6,49,800. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, மீதிக்கு 5 சதவீதம், அதன் மேல் 4 சதவீத செஸ். ஏறக்குறைய 13,000 ரூபாய் வரும். இங்கேயே வசித்தால் 87ஏ தள்ளுபடியில் இது பூஜ்யமாகியிருக்கும். அந்தத் தள்ளுபடி வெளிநாட்டில் வசிப்பவருக்குக் கிடையாது.

டீச்சர் வீட்டுக்காரர் சாருக்கு ஓய்வூதியம் 4,56,000, கழிவு போக 3,81,000. எஃப்.டி. வட்டி 1,30,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 5,11,000. வரி 5,772. ஆனால் வங்கி வட்டியில் மட்டும் 40,560 பிடித்துவிடும். மிச்சம் 34,788 திரும்பக் கிடைக்க வேண்டிய பணம். ஐ.டி.ஆர்-2 படிவத்தில் கணக்குத் தாக்கல் செய்தால் என்.ஆர்.ஓ. கணக்குக்கே வந்துவிடும். 31.2 என்பது பிடித்தம் மட்டும்தான், முடிந்த வரி அல்ல. நிறையப் பேர் இதை வரி என்றே நினைத்து, தாக்கல் செய்யாமல் அந்தப் பணத்தை விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தமான விஷயம் இது.

பிடித்தத்தையே குறைக்க வேண்டும் என்றால் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா எல்லாவற்றுக்கும் வட்டிக்கு 15 சதவீதம்தான் உச்சம். அந்த நாட்டு வரித்துறையிடம் வசிப்பிடச் சான்று வாங்கி, 10எஃப் படிவத்தோடு வங்கியில் கொடுக்க வேண்டும்.

ஓய்வூதியத்தில் 31.2 பிடிக்க மாட்டார்கள். அது சம்பளம் மாதிரி, வரி அடுக்குப்படிதான்.

---

எடிசன்வாசி | 9 நவம்பர்

டீச்சரம்மா, நானும் நியூ ஜெர்சிதான். அப்பா அம்மா எங்களோடு இருக்கிறார்கள். இந்தப் பக்கத்துக் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள், ஊரில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

கிரீன் கார்டு வந்ததும் உலகம் முழுக்க எங்கே வருமானம் வந்தாலும் அமெரிக்காவில் காட்டியாக வேண்டும். இந்திய ஓய்வூதியம், வாடகை, வட்டி எல்லாமே. இந்தியாவில் வரி இல்லாத என்.ஆர்.இ. வட்டிக்கும் இங்கே வரி உண்டு. அதனால்தான் 'வரியில்லாத வட்டி' என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள் என்கிறேன்.

பயப்படவும் வேண்டாம். 65 வயது தாண்டிய தம்பதி சேர்ந்து தாக்கல் செய்தால், 2025ஆம் ஆண்டுக் கணக்கில் நிலைக் கழிவே 34,700 டாலர். உங்கள் இருவரின் வரவு அதில் பாதிகூட வராது. காட்ட வேண்டும், ஆனால் கட்ட வேண்டியிருக்காது.

எஃப்.பி.ஏ.ஆர். என்ற அறிக்கைதான் முக்கியம். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள எல்லாக் கணக்குகளையும் சேர்த்து, வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் தாக்கல் செய்ய வேண்டும். சாரின் எஃப்.டி. ஒன்றே அதைத் தாண்டும். இணையத்தில் இலவசம். கெடு ஏப்ரல் 15, தானாகவே அக்டோபர் 15 வரை நீளும். வரி இல்லாத அறிக்கைதான், ஆனால் விட்டுவிட்டால் அபராதம் பெரிது.

மகனைக் கூட்டுக் கணக்குதாரராகச் சேர்த்தால், அல்லது அவருக்குப் பவர் கொடுத்துப் பணம் எடுக்கும் அதிகாரம் தந்தால், அவரும் தன்னுடைய எஃப்.பி.ஏ.ஆரில் உங்கள் கணக்குகளைக் காட்ட வேண்டும். இங்கே எத்தனையோ பிள்ளைகளுக்கு இது தெரியாது.

---

உறையூர்க்காரி | 10 நவம்பர்

நான் சொல்ல வருவது வரியைப் பற்றி இல்லை.

மகன் வீட்டில், வேறொரு நாட்டில், சில வருடம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள் நான். மகன் தங்கமானவன். ஆனால் என் ஓய்வூதியம் அவன் போனில் வந்தது. ஓ.டி.பி. அவன் எண்ணுக்கு. பேத்திக்கு ஒரு கொலுசு வாங்க, கோயிலுக்கு ஆயிரம் ரூபாய் அனுப்ப, ஊரில் தம்பி மனைவி மருத்துவமனையில் கிடந்தபோது கொஞ்சம் கொடுக்க, ஒவ்வொன்றுக்கும் அவன் ஆபீஸ் முடிந்து வரும்வரை காத்திருந்து கேட்க வேண்டும். அவன் ஒரு நாளும் மறுத்ததில்லை. "எதுக்கும்மா?" என்று சாதாரணமாகக் கேட்பான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே நான் சுருங்கிப்போனேன்.

டீச்சர், உங்கள் மனசு ஒப்பவில்லை என்கிறீர்களே, அதை விடாதீர்கள். உங்கள் எண், உங்கள் போன், உங்கள் கையெழுத்து. மகன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரட்டும். அது போதும்.

---

சிராங்கூன் செல்வி | 10 நவம்பர்

உறையூர் அம்மா சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். சிங்கப்பூரில் எங்கள் அம்மாவுக்கு நாங்கள் அப்படித்தான் செய்தோம். என்.ஆர்.ஓ. கணக்கை அவர் சிங்கப்பூர் கைப்பேசி எண்ணோடு இணைத்து யு.பி.ஐ. வைத்திருக்கிறார். 2023 ஜனவரியில் பத்து நாட்டு எண்களுக்கு இதை அனுமதித்தார்கள். அமெரிக்காவும் கனடாவும் அந்தப் பட்டியலில் உண்டு. அம்மா இங்கிருந்தே ஊரில் பால்காரருக்குப் பணம் அனுப்புகிறார். உங்கள் வங்கி இந்த வசதியைத் தருகிறதா என்று மட்டும் கிளம்புமுன் கேளுங்கள், எல்லா வங்கியும் தருவதில்லை.

எங்களுக்குக் கூடுதல் வசதி ஒன்று, சிங்கப்பூரின் உடனடிப் பணப் பரிமாற்ற முறையான பேநவ்வை யு.பி.ஐ.யோடு சேர்த்து 2023 பிப்ரவரியில் வந்த இணைப்பு. இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி இரண்டும் அதில் ஆரம்பத்திலிருந்தே இருக்கின்றன. ஐ.ஓ.பி. பிறந்ததே கடல் கடந்த தமிழர்களுக்காகத்தான். 1937இல் சிதம்பரம் செட்டியார் தொடங்கிய அன்றே சென்னை, காரைக்குடி, ரங்கூன் மூன்றிலும் கிளை திறந்தார்கள். என் தாத்தா அதைப் பெருமையாகச் சொல்வார்.

---

பொன்மலை டீச்சர் | 10 நவம்பர்

உறையூர் அம்மா, உங்கள் பதிவை வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். நன்றி அம்மா.

கவுன்டர் சார், இன்னும் சில கேள்விகள். என்.ஆர்.ஓ. ஆக்கினால் கருவூலத்தில் என்ன செய்ய வேண்டும்? உயிரோடிருப்பதை உறுதிசெய்யும் வருடாந்தர நேர்காணல் எனக்கு மே மாதம், அவருக்கு நவம்பர். அங்கே இருந்துகொண்டு எப்படி? எந்த வங்கி என்றும் நீங்கள் சொல்லவே இல்லை. அமெரிக்காவில் கிளை உள்ள வங்கியாகப் பார்த்து மாறலாமா?

---

கவுன்டர் எண் 4 | 11 நவம்பர்

டீச்சர், கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். ஓய்வூதியம் இப்போது வருகிற வங்கியிலேயே இருங்கள். நியூயார்க்கில் கிளை இருப்பதால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. அந்தக் கிளை திருச்சிக் கணக்கைத் திறந்து பார்த்துப் பணம் தராது. மிஞ்சிப்போனால் ஆவணங்களுக்குச் சான்றொப்பம் போடும். அதைத் தூதரகமும் செய்யும், நோட்டரியும் செய்வார்.

வங்கியை எடைபோட நான் பார்ப்பவை வேறு. கிளைக்கு மின்னஞ்சல் போட்டால் பதில் வருகிறதா? கிளம்புமுன் ஒரு தடவை போட்டே பாருங்கள். வெளிநாட்டு எண்ணுக்கு ஓ.டி.பி. வருமா? வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் விண்ணப்பத்தை இணையத்தில் ஏற்பார்களா, காகிதம் அனுப்பச் சொல்வார்களா? கே.ஒய்.சி. புதுப்பிக்க நேரில் வர வேண்டுமா? இந்த நான்கிலும் நல்ல பதில் வந்தால் அதுவே உங்களுக்கு ஏற்ற வங்கி. மூன்றில் கைவிரித்தால் மட்டும் மாறுவதைப் பற்றி யோசியுங்கள், அதையும் இங்கே இருக்கும்போதே முடியுங்கள்.

கணக்கு என்.ஆர்.ஓ. ஆகும்போது சில வங்கிகளில் அதே எண் தொடரும், சிலவற்றில் புது எண் தருவார்கள். டிசம்பரிலேயே விண்ணப்பியுங்கள். புது எண் என்றால் அதைக் கருவூலத்தில் எழுதிக் கொடுத்து, ஒரு மாத ஓய்வூதியமாவது புது எண்ணில் விழுந்ததைப் பார்த்துவிட்டுப் பழையதை மூடச் சொல்லுங்கள். சாருக்கும் அப்படியே. ரயில்வே ஓய்வூதியக் கணக்கில் உங்கள் பெயரையும் சேர்த்து, இருவரில் யார் வேண்டுமானாலும் அல்லது உயிரோடிருப்பவர் என்ற முறையில் கூட்டுக் கணக்காக வைக்கலாம். இருவரும் வெளிநாட்டில் வசிப்பவர்கள் என்பதால் என்.ஆர்.ஓ.விலும் இதற்குத் தடையில்லை. நாளைக்குக் குடும்ப ஓய்வூதியம் என்று வந்தால் புதுக் கணக்குத் தேடி அலைய வேண்டியிருக்காது. எழுத மனசில்லாமல் எழுதுகிறேன், ஆனால் சொல்ல வேண்டியது.

மகளையும் கூட்டாகச் சேர்க்கலாம். இந்தியாவில் வசிப்பவரை முதலாமவர் அல்லது உயிரோடிருப்பவர் என்ற முறையில்தான், அதாவது முதலாமவர் இருக்கும்வரை அவர் மட்டுமே கணக்கைக் கையாளும்படிதான், சேர்க்க முடியும். அதைவிட வங்கியின் சொந்தப் படிவத்தில் மகளுக்கு ஒரு அதிகாரப் பத்திரம் கொடுத்துவிட்டுப் போவது நல்லது. வீட்டு வரி, மின்கட்டணம், பழுதுபார்க்கும் செலவு எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். அந்த அதிகாரத்தை வைத்து வேறு யாருக்கும் அன்பளிப்பாகப் பணம் கொடுக்க முடியாது, அதனால் பாதுகாப்பானதும்கூட. இங்கே இருக்கும்போதே செய்யுங்கள். அங்கே போய் எழுதினால் தூதரகச் சான்று, இங்கே முத்திரைக் கட்டணம் என்று இழுத்துக்கொண்டே போகும்.

வாழ்நாள் சான்றிதழுக்கு வருகிறேன். மாநில அரசு ஓய்வூதியருக்கு இப்போது ஓய்வு பெற்ற மாதத்தில் நேர்காணல், அதனால்தான் உங்களுக்கு மே. சாருக்கு ஒவ்வொரு நவம்பரும். 80 வயது தாண்டினால் அக்டோபர் முதலே கொடுக்கலாம். இந்த நவம்பருக்கானதை முக அடையாளத்தோடு ஜீவன் பிரமாண் செயலியில் உடனே முடித்துவிடுங்கள். அங்கே போனபின், நியூயார்க்கிலுள்ள இந்தியத் துணைத் தூதரகம்தான் நியூ ஜெர்சிக்கும் பொறுப்பு. அவர்கள் அலுவலர் கையெழுத்திட்ட சான்றை உங்களுடையதைக் கருவூலத்துக்கும், சாருடையதை வங்கிக்கும் அனுப்பினால் சரி. நோட்டரி கையெழுத்தும் செல்லும். அனுப்புவதோடு விட்டுவிடாதீர்கள், வந்து சேர்ந்ததா என்று மகளைவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். சான்று வழியில் தொலைந்து ஓய்வூதியம் நின்றுபோன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். நின்றது திரும்ப வரும், ஆனால் அந்த இரண்டு மூன்று மாதம் பெரியவர்கள் படுகிற கலக்கம் இருக்கிறதே, அது வேண்டாம்.

---

எடிசன்வாசி | 11 நவம்பர்

கைப்பேசி எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. இந்திய எண்ணை விட்டுவிடாதீர்கள். ஆதார், வருமான வரித் தளம் எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் ஓ.டி.பி. அனுப்பும். வருடாந்தர ரீசார்ஜ் போட்டு, ரோமிங்கை ஊரிலேயே திறந்துவிட்டு வாருங்கள். ரீசார்ஜ் தேதியை மகளிடம் குறித்துக் கொடுங்கள். எண் செத்துப்போனால் இங்கிருந்து மீட்கவே முடியாது, நேரில்தான் போக வேண்டும்.

---

ஸ்கார்பரோ மருமகள் | 11 நவம்பர்

மாடி வாடகையை யாரும் தொடவில்லையே? எங்கள் மாமனார் வீட்டுக் குடித்தனக்காரர் அதில்தான் மிரண்டுபோனார்.

---

கவுன்டர் எண் 4 | 11 நவம்பர்

நல்லவேளை ஞாபகப்படுத்தினீர்கள். வீட்டுச் சொந்தக்காரர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால், குடியிருப்பவர் வாடகையில் 31.2 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். அதற்கு அவர், வரி பிடித்துக் கட்டுகிறவர்களுக்கான டேன் எண் வாங்க வேண்டும், காலாண்டுக் கணக்குக் கொடுக்க வேண்டும். சாதாரணக் குடித்தனக்காரர் யாரும் இதற்கு வரமாட்டார். டீச்சருக்கு வழி ஒன்று உண்டு. வருமான வரித்துறையில் 13ஆம் எண் படிவத்தில் விண்ணப்பித்து, குறைந்த பிடித்தத்துக்கான சான்று வாங்கலாம். மாதம் 12,000க்கு இந்தச் சுற்று வேண்டாம் என்று பட்டால், மாடியை வாடகைக்கு விடாமல் மகள் புழக்கத்துக்கு விட்டுவிடுவது நிம்மதி. அது உங்கள் விருப்பம்.

பான் அட்டையையும் பாருங்கள். வருமான வரித் தளத்தில் உங்கள் நிலையை 'வெளிநாட்டில் வசிப்பவர்' என்று மாற்ற வேண்டும். ஆதாரோடு இணைத்திருக்கிறீர்களா என்பதையும் உறுதி செய்யுங்கள். பான் செயலிழந்தால் பிடித்தம் இன்னும் ஏறும்.

---

காவிரிக்கரை | 12 நவம்பர்

சார், அண்ணனிடம் பேசினேன். மாற்றிவிடலாம் என்கிறார். இப்போது போய்ச் சொன்னால் பழைய வருடங்களைத் தோண்டுவார்களா?

---

கவுன்டர் எண் 4 | 12 நவம்பர்

வங்கியைப் பொறுத்தவரை பாஸ்போர்ட், கிரீன் கார்டு நகல், வெளிநாட்டு முகவரிச் சான்று கொடுத்தால் என்.ஆர்.ஓ. ஆக்கிவிடுவார்கள். 15எச் இனிமேல் கொடுக்காதீர்கள். பழைய வருடங்களுக்கு ஒரு நல்ல ஆடிட்டரைப் பாருங்கள். புதுப்பித்த வருமானக் கணக்கு தாக்கல் செய்யும் கால வரம்பை 2025 நிதிச் சட்டம் 24 மாதத்திலிருந்து 48 மாதமாக்கியிருக்கிறது. கூடுதல் வரியோடு கட்டிச் சரிசெய்ய அதில் வழி இருக்கிறது. தாமதமாக ஆக அந்தக் கூடுதல் வரி ஏறும், அதனால் இந்த வருடமே பாருங்கள். அண்ணனை அங்கே எஃப்.பி.ஏ.ஆர். பற்றியும் விசாரிக்கச் சொல்லுங்கள்.

---

உறையூர்க்காரி | 12 நவம்பர்

இன்னொன்று. வயது ஏற ஏறக் கை நடுங்கும், கையெழுத்து மாறும். காசோலை திரும்பி வரும். அதற்காக மனசு உடையாதீர்கள்.

---

கவுன்டர் எண் 4 | 12 நவம்பர்

ஆமாம் அம்மா. கையெழுத்துப் போட முடியாத முதியவரிடம் பெருவிரல் ரேகை வாங்கிக்கொள்ள ரிசர்வ் வங்கி இடம் கொடுத்திருக்கிறது. சாட்சி இரண்டு பேர், அதில் ஒருவர் வங்கி அலுவலர். கையெழுத்து மாறிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால் கிளம்புமுன் புது மாதிரிக் கையெழுத்தைப் பதிந்துவிட்டுப் போகலாம்.

---

பொன்மலை டீச்சர் | 13 நவம்பர்

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நேற்று இரவு மகனிடம் பேசினோம். உறையூர் அம்மா எழுதியதை அனுப்பினேன். "நான் அப்படி யோசிக்கவே இல்லம்மா" என்றான். கணக்குகள் எங்கள் பேரிலேயே, எங்கள் எண்ணிலேயே இருக்கும். வரி அறிக்கைகளை மட்டும் அவன் பார்த்துக்கொள்வான்.

இரண்டு வங்கிக்கும் மின்னஞ்சல் போட்டோம். அவர் வங்கியிலிருந்து மறுநாளே பதில். என் வங்கியிலிருந்து இன்னும் இல்லை, திங்கட்கிழமை நேரில் போகிறேன். அவருடைய சான்றிதழ் முக அடையாளத்தில் முடிந்துவிட்டது. மாடியை மகளுக்கே விட்டுவிட முடிவு செய்தோம். குடித்தனக்காரருக்கும் மார்ச்சில் சொந்த வீடு தயாராகிறதாம்.

எங்களுக்கு இனி மாதாமாதம் பணத்தை அமெரிக்காவுக்கு வரவழைக்க வேண்டுமா, இங்கேயே சேரவிடலாமா?

---

கவுன்டர் எண் 4 | 13 நவம்பர்

இங்கேயே சேரட்டும் டீச்சர். வரி கட்டிய ஓய்வூதியத்தையும் வட்டியையும் அனுப்பத் தடையில்லை. சேமிப்பு, சொத்து விற்ற பணம் என்றால் என்.ஆர்.ஓ.விலிருந்து நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை போகலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதை வரித்துறைக்குத் தெரிவிக்கும் 15சிஏ படிவம், வங்கிக் கட்டணம். வரிக்குரிய தொகை வருடத்துக்கு 5 லட்சத்தைத் தாண்டினால் ஆடிட்டரின் 15சிபி சான்றும். அதனால் வருடத்துக்கு ஒரு தடவை, தேவைப்பட்டதை மொத்தமாக அனுப்புங்கள். ஒரே வங்கியில் 5 லட்சத்துக்கு மேல் வைப்புக் காப்பீடு இல்லை என்பதால் எஃப்.டி.யை முதிரும்போது இரண்டு மூன்று வங்கியாகப் பிரிப்பதையும் யோசியுங்கள். ஓய்வூதியம் வராத பழைய கணக்குகள் ஏதாவது இருந்தால் மூடிவிடுங்கள். இரண்டு வருடம் நீங்களாக எதுவும் செய்யாவிட்டால் அவை செயலற்றதாகும். வட்டி விழுவது கணக்கில் சேராது.

திங்கட்கிழமை போகும்போது வாரிசு நியமனப் படிவத்தையும் கேட்டு வாங்குங்கள். இந்த நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை எழுதலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிக்கலாம். மகன், மகள் இருவர் பெயரையும் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.